வியாழக்கிழமை மனநல ஓபி: ரெண்டு வருஷமா போய்ட்டு வர்றோம், உள்ளத உள்ளபடி எழுதுறேன்

எங்க அண்ணனுக்கு பைபோலார். இருமுனை மனநோய்னு தமிழ்ல சீட்டுல எழுதி குடுப்பாங்க, கொஞ்ச காலம் ஆள் சோர்ந்து படுத்துருவாரு, கொஞ்ச காலம் மனசு அளவுக்கு மீறி ஏறிரும். ஊர்ல கேட்டா ஒருத்தர் கோட்டின்னுவாங்க, ஒருத்தர் காத்து சேட்டைன்னுவாங்க, வேற ஒருத்தர் குடிச்சிட்டு ஆடுறான்னுவாங்க. அண்ணன் குடிக்கவே மாட்டாரு. எங்களுது ராமநாதபுரம் மாவட்டத்துல தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவுல வடகடல் ஓரமா இருக்க ஊரு, அண்ணன் பைபர் வல்லத்துல தொழிலுக்கு போறவரு, நான் ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரியில வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, மனநல ஓபி நடக்குது, அங்கதான் ரெண்டு வருஷமா அண்ணனுக்கு வைத்தியம். எந்த ஊர் ஆஸ்பத்திரின்னு பேர் போடல, ஏன்னா கொற சொல்ற எடமும் வரும், அங்க வேலை பாக்குற பிள்ளைகளுக்கு அதனால ஒண்ணும் வந்துறக் கூடாது. ஆனா நம்ம மாவட்டத்துல கடற்கரையோரம் இருக்கவங்களுக்கு இது உதவும்.

இது இலவசம். டோக்கன் இலவசம், டாக்டர் இலவசம், மாத்திரை இலவசம். அப்புறம் என்னத்துக்கு இவ்ளோ நீளமா எழுதுறன்னு கேப்பீங்க. இலவசம்னு எழுதியிருக்கறதுக்கும் வீட்ல ஆகுற செலவுக்கும் சம்பந்தமே இல்லங்கறத எங்க மதினியோட காலண்டர பாத்துதான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மதினி படிச்சது அஞ்சாவது. ஆனா கணக்குல அவுகள யாரும் ஏமாத்த முடியாது. அடுப்படி செவுத்துல தினத்தாள் காலண்டர் தொங்கும், தாள கிழிச்சு போட மாட்டாக, ஆணியில குத்தி வச்சிருவாக. அண்ணன் தொழிலுக்கு போன நாளுன்னா தாள்ல ஒரு கோடு, போகாத நாளுன்னா வட்டம். காத்து, மழை, ஊரோட லீவு விட்ட நாள் இதுக்கெல்லாம் ஒண்ணும் போட மாட்டாக, வட்டம்னா நோயாலயோ அதுக்கு ஆஸ்பத்திரி போனதாலயோ போன நாள் மட்டும்தான். அந்த மோசமான வருஷம் முடிஞ்சப்ப நானும் அவுகளும் உக்காந்து தாள பூரா தரையில பரப்பி எண்ணுனோம். 112 வட்டம். நாட்டுப்படகுக்கு வாரத்துல நாலு நாள்தான் கடல், மத்த மூணு நாள் விசைப்படகுக்கு, அதுல 112 போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. பங்கு சராசரியா ஒரு நாளைக்கு 700 ரூபாய்னு வச்சா 78,400. மதினி நண்டு கம்பெனிக்கு உடைக்கிற வேலைக்கு போறவுக, 350 ரூபாய் கூலி, அண்ணன தனியா விட முடியாம அவுக நின்ன நாள் 64, அது 22,400. ரெண்டும் சேத்து ஒரு லட்சத்து எண்ணூறு. அந்த வருஷம் வைத்தியத்துக்கு ஆனது? அப்ப பெரிய ஊர்ல ஒரு தனியார் டாக்டர்ட்ட ஏழு தடவ போனோம், பீஸ் மாத்திரை பஸ்ஸு சாப்பாடு எல்லாம் சேத்து தடவைக்கு 2,400, மொத்தம் 16,800. அதாவது மொத்த நட்டத்துல ஏழுல ஒரு பங்குதான் வைத்தியம். மிச்ச ஆறு பங்கும் வீட்ல சும்மா இருந்த நாள்.

இது எங்க வீட்டு கணக்கு மட்டும்னுதான் நெனச்சேன். கடையில நேரம் கெடைக்கிறப்ப தேடி படிச்சேன். இங்கிலாந்துல 1999-2000 விலைக்கு ஒரு கணக்கு போட்டிருக்காங்க, பைபோலாரால வருஷத்துக்கு சுமார் 200 கோடி பவுண்டு நட்டம், அதுல அரசாங்க ஆஸ்பத்திரி செலவு 10 சதவீதம்தான், 86 சதவீதம் வேலைக்கு போக முடியாததால வந்த நட்டம். அமெரிக்காவுல பைபோலார் 1ங்கற வகைக்கு மட்டும் 2015க்கு போட்ட கணக்குல 20,210 கோடி டாலர், நோய் இல்லாதவங்கள விட கூடுதலா ஆகுற செலவு எதுல போகுதுன்னு பிரிச்சு பாத்தா மொத எடத்துல நிக்கறது மருந்து இல்ல, கூட இருந்து பாத்துக்கறவங்களோட இழப்பு, 36 சதவீதம். மருத்துவச் செலவு 21, வேலையில்லாம போறது 20. இத மதினிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "என் நாளையும் எண்ணுறாகளா அங்க"ன்னு கேட்டாக.

நம்ம நாட்டுல 2015-16ல பன்னெண்டு மாநிலத்துல எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்புல தமிழ்நாடும் உண்டு. அதுல பைபோலார் உள்ளவங்கள்ல 70 சதவீதத்துக்கு மேல வைத்தியம் இல்லாமலே இருக்காங்க. மனநோய் உள்ள குடும்பம் மாசம் ஆயிரத்துலருந்து ஆயிரத்தி ஐநூறு வரைக்கும் வைத்தியத்துக்கும் போக்குவரத்துக்கும் செலவழிக்குதுன்னும் அதுல இருக்கு. எங்க 16,800ஐ பன்னெண்டால வகுத்தா 1,400 வருது. அப்படியே பொருந்துது.

இந்த கணக்குல எல்லாம் வராத ஒண்ணு இருக்கு. பைபர் வல்லத்துக்கு மூணு ஆள் வேணும். அண்ணன்தான் இஞ்சின் பிடிக்கிறவரு. அவரு காலைல மூணு மணிக்கு எந்திரிக்கலைன்னா மத்த ரெண்டு பேரும் கரையில பீடிய குடிச்சிட்டு நிப்பாங்க, அப்புறம் வீட்டுக்கு போயிருவாங்க. ஒருத்தருக்கு வந்த நோய்க்கு மூணு வீட்டு அடுப்பு. வேற ஆள் பாக்கற வரைக்கும் இருபது இருபத்தஞ்சு நாள் அப்படி ஓடுச்சு, ஒரு தடவகூட அவுக எங்கள திட்டல, அதுல ஒருத்தர் அந்த மாசம் தண்டல் கட்ட முடியாம வீட்டம்மாவோட காதுத் தோட்ட அடகு வச்சாருன்னு எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியும். சமுதாயத்துக்கு ஆகுற பொருளாதார சுமைன்னு பெருசா எழுதுறாங்கல்ல, எனக்கு அந்த தோடுதான் ஞாபகம் வருது.

அப்புறம் ஏறுறப்ப நடக்குறது. படுத்து கெடக்குற காலத்த விட அதுதான் குடும்பத்த சாச்சிரும். மூணு ராத்திரி தூக்கமே இல்ல, ரெண்டு மணிக்கு வாசல்ல லைட்ட போட்டு வலைய பொத்திக்கிட்டே பாட்டு, போற வர்றவங்களுக்கெல்லாம் நான் ரெண்டாவது வல்லம் எறக்குறேன் நீ வந்துருன்னு வாக்கு, பேச்சு நிக்காது, முகமெல்லாம் வெளிச்சம். நாங்க மொதல்ல சந்தோசப்பட்டோம், இத்தன நாள் செவுத்த பாத்து படுத்திருந்த மனுசன் எந்திரிச்சிட்டாருன்னு. நாலாவது நாள் மதினியோட நாலு பவுன எடுத்து அடகு வச்சு புது இஞ்சினுக்கு 60,000 அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டாரு. அட்வான்ஸ் திரும்பி வரல. நக இன்னும் திரும்பல, வட்டி ஓடுது. அண்ணன் தெளிஞ்சப்புறம் அந்த ரசீத கையில வச்சுக்கிட்டு இது என் கையெழுத்தான்னு கேட்டாரே, அத என்னால மறக்க முடியல. அவரு பண்ணல, நோய் பண்ணுச்சுன்னு கடக்காரங்களுக்கு எப்படி புரிய வைக்கிறது.

சரி, ஓபிக்கு வர்றேன்.

எட்டரைக்கு டோக்கன் குடுப்பாங்க. பத்து பத்தரைக்கு டாக்டர் வருவாங்க, ராம்நாட்லருந்து மாவட்ட மனநலத் திட்டத்து வண்டியில. கூட ஒரு சைக்காலஜிஸ்ட், ஒரு சோசியல் ஒர்க்கர், ஒரு நர்ஸ். மொத தடவ போறப்ப அரை மணி நேரம் பேசுனாங்க. தனியார்ல அஞ்சு நிமிசத்துக்கு மேல யாரும் எங்கட்ட பேசுனதில்ல. சோசியல் ஒர்க்கர் தங்கச்சி கேட்ட கேள்வியெல்லாம் வேற மாதிரி இருந்துச்சு, தூக்கம் எப்படி சாப்பாடு எப்படின்னு கேட்டதோட, கடன் எவ்ளோ இருக்கு, இஞ்சின் லோன் யாரு பேர்ல, ஏறுறப்ப ஏடிஎம் கார்டு யார்ட்ட இருக்கும், மகளு பள்ளிக்கூடம் ஒழுங்கா போகுதான்னு. அந்த கடைசி கேள்விக்கு மதினி அழுதுட்டாக. மக பத்தாவது படிக்கிற வருஷம் அப்பாவ பாத்துக்க ஆள் இல்லைன்னு முப்பது நாளுக்கு மேல நின்னுச்சு, அத நாங்க யாரும் செலவுன்னே நெனைக்கல. இப்ப அண்ணனே ஒத்துக்கிட்டு கார்டும் பாஸ்புக்கும் மதினிட்ட இருக்கு, ராத்திரி ரெண்டு நாள் தொடர்ந்து தூக்கம் வரலைன்னா மறுநாளே ஓபிக்கு போன் பண்ணணும்னு ஒரு பேச்சு. இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவதான் அப்படி ஆச்சு, போன்லயே மாத்திரைய கூட்டி குடுக்க சொன்னாங்க, ரெண்டு நாள்ல எறங்கிருச்சு. இதுக்கு நான் எத்தன ஸ்டார் வேணும்னாலும் குடுப்பேன்.

மாத்திரை: லித்தியம், ராத்திரிக்கு ஒலான்சபின். லித்தியம் பழைய மருந்து, 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கற டாக்டர் கண்டுபிடிச்சு சொன்னது, வெலையும் கம்மி. ஆனா ரத்தத்துல அளவு சரியா இருக்கணும், ராத்திரி மாத்திரை போட்டு பன்னெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கணும், காலை மாத்திரைய போட்டுட்டு போகக் கூடாது. 0.6லருந்து 1க்குள்ள இருந்தா நல்லது. கூடிருச்சுன்னா விஷம்.

கடல்ல போறவங்க இத கட்டாயம் படிங்க. போன சித்திரையில அண்ணன் தொழில் முடிஞ்சு வந்து கரையில எறங்குனப்ப கை நடுங்குது, கால் தள்ளாடுது, வாய் குழறுது, ரெண்டு தடவ வாந்தி. ஏலத்துக்கு நின்ன ஆளுங்க எல்லாம் குடின்னே முடிவு பண்ணிட்டாங்க. மதினி மட்டும் "இது அது இல்ல"ன்னு ஆட்டோவ கூப்புட்டாக. ரத்தத்துல பாத்தா 1.6. என்ன நடந்துச்சுன்னா இடுப்பு வலிக்குன்னு மெடிக்கல்ல டைக்ளோபினாக் வாங்கி நாலு நாளா போட்டிருக்காரு, வெயில்ல வேர்த்து கொட்டிருக்கு, கேன்ல தண்ணி பத்தல. வேர்வையில உப்பும் தண்ணியும் போனா சிறுநீரகம் லித்தியத்த வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும், அந்த வலி மாத்திரையும் அதே வேலைய செய்யும். நர்ஸக்கா ஒரு அட்டையில எழுதி குடுத்தாங்க, இப்ப அது பாலித்தீன்ல சுத்தி வல்லத்து பெட்டியில இருக்கு: தண்ணி நெறைய, சாப்பாட்டுல உப்ப திடீர்னு குறைக்காதீங்க, வலிக்கு பாராசிட்டமால் மட்டும், வாந்தி பேதின்னா லித்தியத்த நிறுத்திட்டு ஒடனே வாங்க. அண்ணனுக்கு குணமாக ஒன்பது நாள் ஆச்சு. இந்த ஒன்பதும் வட்டம்தான். முதல் தடவ மாத்திரை குடுக்குறப்பவே இந்த அட்டைய குடுத்திருந்தா அந்த ஒன்பது வந்திருக்காது. வலை இழுக்குறவங்களுக்கும் உப்பளத்துல நிக்கிறவங்களுக்கும் லித்தியம் குடுக்குற எந்த எடத்துலயும் இந்த பேச்சு மொத நாளே நடக்கணும்.

இப்ப கொற.

ஒண்ணு, லித்தியம் அளவு பாக்குற டெஸ்ட் அந்த ஆஸ்பத்திரியில இல்ல. தைராய்டு, கிரியாட்டினின் எல்லாம் பாக்குறாங்க, இது மட்டும் வெளிய 600 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒரு தடவ. இலவச மாத்திரைக்கு வெளி டெஸ்ட்டுன்னா பாதி பேரு டெஸ்ட்டே எடுக்க மாட்டாங்க, அதோட விளைவ மேல எழுதிட்டேன்.

ரெண்டு, ரெண்டு தடவ லித்தியம் ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க. வெளிய வாங்கிக்கிட்டோம், எங்களால முடிஞ்சது. வரிசையில எங்களுக்கு முன்னாடி நின்ன பாட்டி, பாசி எடுக்க போறவுக, மகனுக்கு வாங்க வந்தவுக, சும்மா திரும்பி போனாக. அவுக மகன் அடுத்த மாசம் மறுபடி நோய் வந்து கெடந்தாருன்னு கேள்விப்பட்டேன். ஒரு அட்ட மாத்திரையோட வெலை எவ்ளோ, அது இல்லாததால போன நாளோட வெலை எவ்ளோ, யாராவது ஆபீஸ்ல உக்காந்து கணக்கு பாத்தா இது நடக்காது.

மூணு, வரிசை மெயின் மருந்து கவுண்டருக்கு எதுக்கவே நிக்குது. சளிக்கு வந்தவங்க எல்லாம் திரும்பி திரும்பி பாப்பாங்க. கல்யாணம் பேசிக்கிட்டிருக்க பிள்ளைகள கூட்டிட்டு வர்றவங்க முகத்த மூடிக்கிட்டு நிக்கிறாங்க. உள்பக்கம் ஒரு பெஞ்சு போட எடம் இருக்கு.

நாலாவதுதான் பெரிய கொற, அதுக்குத்தான் இத எழுதவே உக்காந்தேன். மாத்திரை பதினஞ்சு நாளுக்குத்தான் குடுக்குறாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போகணும், வியாழக்கிழமை நாட்டுப்படகு போற நாள், எட்டரைக்கு டோக்கன்னா அன்னைக்கு கடல் இல்ல. இந்த வருஷ தாள எண்ணுனோம். மொத்தம் 31 வட்டம். 112லருந்து 31க்கு வந்துருக்குன்னா அதுக்கு இந்த ஓபிதான் காரணம், அத சத்தியமா சொல்லுவேன். ஆனா அந்த 31ல நோய் தின்னது ஒன்பது, டோக்கன் தின்னது 22. 22 நாள், நாளைக்கு 700, 15,400 ரூபாய். தனியார் டாக்டருக்கு நாங்க வருஷம் பூரா குடுத்தது 16,800. கிட்டத்தட்ட அதே காசு, பேரு மட்டும் இலவசம். இது போக அன்னைக்கு வல்லத்துல கூட வர்ற அந்த ரெண்டு பேரும் வீட்ல.

அண்ணன் மாதிரி ஒரு வருஷத்துக்கு மேல தெளிவா இருக்கவங்களுக்கு ஒரு மாச மாத்திரைய சேத்து குடுத்தாலே பாதி நாள் மிச்சம். வேற நாளுக்கு மாத்துங்கன்னு கேக்கலாம்னு பாத்தா விசைப்படகுக்காரங்களுக்கு இடிக்கும். சாயந்தரம் நாலு மணிக்கு மாசத்துல ஒரு நாள் ஓபி வச்சா ரெண்டு பேருக்கும் ஒரு நாளும் போகாது, மத்தியானத்துக்குள்ள எல்லாரும் கரை ஏறிருவோம், நண்டு கம்பெனியும் விட்டுரும். மனுவா எழுதி டைப் அடிச்சு குடுத்திருக்கேன், ஓபிக்கு வர்ற பதினாலு குடும்பம் கையெழுத்து போட்டிருக்கு. டாக்டர் படிச்சிட்டு நியாயமாத்தான் இருக்குன்னு மேல அனுப்பியிருக்காங்க.

இன்னொண்ணும் சொல்லணும். எங்கம்மா மொதல்ல ஓபிக்கே விடல. கயிறு தகடுன்னு ஊர் ஊரா போனதுக்கு ஆன செலவ நான் கணக்குல சேக்கல, அம்மா மனசு கஷ்டப்படும். அவுக பயந்தது எதுக்குன்னா, மனநோய்னு எழுதிட்டாங்கன்னா கொண்டு போயி சங்கிலியில கட்டிருவாங்கன்னு. இந்த கடற்கரையில யாருக்கும் அந்த பயம் இல்லாம இருக்காது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலியில கட்டி வச்சிருந்ததால ஓட முடியல. அம்மா அப்ப மீன் கூடையோட அந்தப் பக்கம் யாவாரத்துக்கு போயிட்டு இருந்தவுக. திருச்சியில 1997லயே வந்த மாவட்ட மனநலத் திட்டம் நம்ம ராமநாதபுரத்துக்கு வந்தது அதே 2001லதான். 2017 மனநலச் சட்டம் எந்த வகையிலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு சொல்லுது. சோசியல் ஒர்க்கர் தங்கச்சி வீட்டுக்கே வந்து அம்மா கைய பிடிச்சுக்கிட்டு இத சொன்னப்பத்தான் அம்மா விட்டாக. அந்தப் பிள்ளை அன்னைக்கு வந்தது அதோட சொந்த ஸ்கூட்டியில.

இன்சூரன்ஸ் பத்தி கேக்குறவங்களுக்கு: அதே சட்டத்துல ஒடம்பு நோய்க்கு குடுக்குற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு குடுக்கணும்னு இருக்கு, ஆனா பெரும்பாலும் பெட்ல சேந்தாத்தான் அது உதவும், மாசாமாசம் மாத்திரைக்கு எங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகல. ஊனமுற்றோர் அட்டை 2016 சட்டப்படி மனநோய்க்கும் உண்டு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு எழுதி குடுத்தா சலுகை கெடைக்கும், அண்ணன் வேணாம்னுட்டாரு, அது அவரு விருப்பம். ராத்திரி நேரத்துல ஆள் ரொம்ப சோர்ந்து தப்பா ஏதாவது பேசுனாலோ, ஏறி போய் என்ன பண்றதுன்னு தெரியலைன்னாலோ 14416க்கு அடிங்க, டெலி மானஸ், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க. நாங்க ஒரு தடவ ராத்திரி ஒன்றரைக்கு அடிச்சிருக்கோம்.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு. அந்த ஒண்ணு பதினஞ்சு நாள் மாத்திரைக்காக கொறச்சது, மாச மாத்திரை வந்த அன்னைக்கு வந்து மாத்திருவேன்.

மொத தடவ போறவங்க எட்டு மணிக்கே போயிருங்க, ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, பழைய மாத்திரை அட்டை எல்லாத்தையும் காலியானதா இருந்தாலும் எடுத்துட்டு போங்க. வீட்ல கூட இருக்கவங்க ஒருத்தர் கட்டாயம் போங்க, அவங்கட்டயும் தனியா பேசுவாங்க. லித்தியம் போடுறவங்க டெஸ்ட் இருக்க அன்னைக்கு காலை மாத்திரைய மடியில கட்டிட்டு போயி ரத்தம் குடுத்தப்புறம் போடுங்க. ஓபி சீட்ட லேமினேட் பண்ணிறாதீங்க, எங்க கடைக்கு வந்து நெறைய பேரு கேக்குறாங்க, நான் பண்ணி தர மாட்டேன், பின்பக்கம் டாக்டர் எழுத எடம் வேணும்.